பொரியின் இடது கண்

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் முதலில் கேட்பது கினிப்பன்றிகளின் குரல்தான். கொத்தமல்லிக் கட்டு வைத்திருக்கும் பை சற்றுச் சரசரத்தால் போதும், "வீக், வீக்" என்று கூடத்திலிருந்து சத்தம் கிளம்பிவிடும். அந்தப் பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை காலையில் மிளகு, பொரி என்ற இரண்டின் குரலும் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு குரல்தான் கேட்டது. மிளகு கூண்டுக் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி நின்று கத்திக்கொண்டிருந்தது. பொரி தன் மரப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். இடது கண் பாதி மூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த வெள்ளை முடி நனைந்து, ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாக ஒட்டிக் கிடந்தது.

கினிப்பன்றி வளர்க்காதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று போய்விடுவார்கள். ஆனால் இந்தப் பிராணி பெரும்பாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும். இமைப்பதே அரிது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் பருந்துக்கும் நரிக்கும் இரையாக இருந்த இனம். வலியை வெளியே காட்டினால் உயிர் போய்விடும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அப்படிப்பட்டது ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வலி அதனால் மறைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலையிலேயே மருத்துவரிடம் போயிருப்பேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் தெற்கே, சாட்ஸ்வர்த்தில். நான் காரைக்குடிப் பெண். 2008இல் திருமணமாகி இங்கே வந்தேன். கணவரின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள். வீட்டில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆயா, தாத்தா, அக்கா, அண்ணன் என்ற உறவுச் சொற்களும், சாமி பெயர்களும், கைவைத்தியமும் தமிழிலேயே நிற்கின்றன. மாமியைப் பிள்ளைகள் ஆயா என்றுதான் அழைப்பார்கள். பொரியின் கண்ணைப் பார்த்ததும் மாமி கொல்லைப்பக்கம் போய் ஒரு கை நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். "இதைத் தண்ணீரில் போட்டுக் கண்ணைக் கழுவலாம் அம்மா. என் அம்மா எங்களுக்குச் செய்ததுதான்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். பூவில் என்ன புழு, என்ன மகரந்தம் இருக்குமோ என்று பயம். அதற்குப் பதிலாக நான் செய்த காரியம்தான் பொரியின் கண்ணை ஏறக்குறைய அழித்தது.

மாமாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டு கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அப்போது தந்த சொட்டு மருந்து பாதிப் புட்டி மருந்து அலமாரியில் இருந்தது. மனிதக் கண்ணுக்குப் பாதுகாப்பானது என்றால் ஒரு சிறு பிராணிக்கும் பாதுகாப்பாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு விட்டேன். செவ்வாய்க்கிழமை கண் நன்றாகத் திறந்திருந்தது, சிவப்பும் குறைந்திருந்தது. மகளிடம், "பார், சரியாகிவிட்டது" என்று சொன்னேன். புதன்கிழமை காலையில் கருவிழியின் நடுவே பால் சிந்தியதுபோல் நீலம் கலந்த வெண்மை படர்ந்திருந்தது.

அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பொரியை அட்டைப் பெட்டியில் வைத்து, துணைக்கு மிளகையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்திலிருக்கும் மருத்துவமனையில், நாயும் பூனையும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நேர்மையாகச் சொன்னார்கள், அதற்கு நன்றி. முயல், பறவை, கினிப்பன்றி போன்றவற்றைப் பார்க்கும் மருத்துவர் நகரின் வடக்கே ஒருவர் இருந்தார். நாற்பது நிமிடப் பயணம். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் ஒரே இடம் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆன்டர்ஸ்டெபூர்ட் வளாகம்தான். நாட்டிலுள்ள மருத்துவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள். அவர்களுள் சிறு பிராணிகளில் தனிப் பயிற்சி எடுத்தவர்கள் குறைவு. கினிப்பன்றி வாங்குகிறவர்கள், அதற்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே அப்படிப்பட்ட மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த அன்று தேடுவது கொடுமை.

மருத்துவர் அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் ஏதாவது மருந்து விட்டீர்களா?" என்பதுதான். நான் புட்டியையே கொண்டு போயிருந்தேன். பெயரைப் படித்துவிட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தார். திட்டவில்லை. "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த மெல்லிய காகிதக் கீற்றை நனைத்துப் பொரியின் கண்ணோரத்தில் தொட்டார். அதற்குப் புளோரசீன் என்று பெயர். உபரிச் சாயத்தை உப்பு நீரால் கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து, நீல ஒளியைக் கண்ணில் பாய்ச்சினார். கருவிழியின் கீழ்ப்பாதியில் கடுகைவிடச் சற்றுப் பெரியதாக ஒரு புள்ளி, மின்மினி போலப் பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியின் மேல்தோல் முழுமையாக இருந்தால் சாயம் ஒட்டாது, வழிந்துவிடும். தோல் கிழிந்த இடத்தில் மட்டும் ஊறி நிற்கும். அந்தப் பச்சைப் புள்ளிதான் புண்.

மரத்துப்போகும் சொட்டு விட்டு, கீழ் இமையை ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்லப் புரட்டினார். உள்ளே நகத்துண்டு அளவில் ஒரு உலர்புல் துணுக்கு இருந்தது. மூன்று நாளாக அது ஒவ்வொரு அசைவிலும் கருவிழியை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன்.

ஸ்டீராய்டு ஏன் ஆகாது என்று அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை கண் நன்றாகத் தெரிந்தது. ஆனால் புண்ணை மூட வரும் செல்களின் வேலையையும் சேர்த்தே அடக்கிவிடும். கிருமிக்குக் கதவு திறந்துவிடும். கருவிழி கரைந்து ஓட்டை விழவும் கூடும். கினிப்பன்றியின் கருவிழி நம்முடையதில் பாதித் தடிமன்கூட இல்லை. அது கரைவதற்கு அதிக நாள் வேண்டியதில்லை. புட்டியில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும், சாயச் சோதனை செய்து புண் இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அதைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். நான் பயன்படுத்திய புட்டி திறந்து ஒரு வருடம் ஆனது என்பது தனிக் குற்றம். கண் சொட்டுப் புட்டிகளில் பெரும்பாலானவற்றைத் திறந்த நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும்.

அதன்பின் வந்த மூன்று வாரங்களில்தான் நான் உண்மையாகவே கற்றுக்கொண்டேன். ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை. கண் உலராமல் இருக்க ஒரு களிம்பு. வலிக்கு மெலாக்சிகாம், எடைக்கேற்ற அளவில் வாய்வழியாக. சொட்டுக்கும் களிம்புக்கும் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். களிம்பு கடைசியில்தான். முதலில் களிம்பு போட்டால் சொட்டு உள்ளே இறங்காது.

முதல் நாள் பொரியை நேருக்கு நேராக அணுகினேன். அது பின்வாங்கி, பல்லைக் கடகடவென்று அடித்து, என் மடியிலிருந்து குதிக்கப் பார்த்தது. பெரிய விரல் முகத்துக்கு முன்னால் வருவது அதற்குப் பருந்து வருவதுபோலத்தான். மகள்தான் வழி கண்டுபிடித்தாள். பழைய துண்டில் பொரியைக் கழுத்துவரை சுற்றி, அதன் பின்பக்கம் நம் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை தாடைக்குக் கீழே. மற்றக் கை தலைக்குப் பின்னாலிருந்து வந்து, மேல் இமையைச் சற்று உயர்த்தி, புட்டியின் நுனி எதையும் தொடாமல் ஒரே ஒரு சொட்டு. முடிந்ததும் ஒரு கொத்தமல்லித் தண்டு. நான்காம் நாள் துண்டைக் கண்டாலே பொரி தண்டுக்காக வாயைத் திறந்தது.

பீளையைத் துடைப்பதற்குப் பஞ்சு வேண்டாம். அதன் நார் ஈரக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் என்ற மெல்லிய வலைத் துணி அல்லது காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணி போதும். காய்ந்த பீளையைப் பிய்க்காமல், ஈரத் துணியை அரை நிமிடம் வைத்திருந்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் தொட்ட துணி இன்னொரு கண்ணுக்குப் போகக் கூடாது.

கண்ணைவிட அந்த நாட்களில் என்னை அதிகம் பயமுறுத்தியது வயிறுதான். கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வலியால் உண்ணாமல் பன்னிரண்டு மணி நேரம் கடந்தாலே ஆபத்து நெருங்குகிறது. ஒரு முழு நாள் கடந்தால் குடல் நின்று உயிரே போகலாம். புதன், வியாழன் இரவுகளில் அதன் வழக்கமான தீனி உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். புழுக்கைகளை எண்ணினேன். வெள்ளி காலையில் அதுவே புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டபோது, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கு எழுதித் தந்த அமாக்சிசிலின் சிரப் மீதி இருந்தால் எதற்கும் கொடுத்துப் பார்க்கும் பழக்கம். ஒரு உறவினர் நல்லெண்ணத்தோடு அதைத்தான் சொன்னார். பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவை வாய்வழியே போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்க வேண்டிய நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாட்களில் அது இறந்துவிடக்கூடும். கண்ணில் தடவும் களிம்பும் முகம் கழுவும்போது நாக்குக்குப் போகும் என்பதால், பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்தவற்றையும் மருத்துவர் தவிர்க்கச் சொன்னார்.

பதினெட்டாம் நாள் சாயச் சோதனையில் பச்சை எதுவும் தெரியவில்லை. புண் மூடிவிட்டது. ஸ்டீராய்டு படாமல் முதல் நாளே போயிருந்தால், இப்படிப்பட்ட மேலோட்டமான புண் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அரிசி நொய் போல ஒரு வெண்தழும்பு பொரியின் கண்ணில் நிலையாகத் தங்கிவிட்டது.

உலர்புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தீவனக் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைப்பது எராகிராஸ்டிஸ், டெஃப் என்ற இரண்டு புற்கள்தான். கினிப்பன்றிக்கு இரண்டுமே நல்ல உணவு. லூசர்ன் எனப்படும் குதிரைமசாலில் கால்சியம் அதிகம். அது குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும்தான். பழைய கட்டுகளில் தண்டு கம்பிபோல் விறைத்திருக்கும். இப்போது நான் புல்லைக் கையால் உதறி, தடித்த குத்துத் தண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தூசியை வெளியே தட்டிவிட்டுத்தான் போடுகிறேன். கண் உயரத்தில் தொங்கும் புல் கூடையைக் கழற்றிவிட்டேன். தரையில் குவித்துப் போடுகிறேன். டர்பன் கோடையின் ஈரத்தில் புல் இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்கும், அதுவும் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். மணம் வீசும் பைன் மரச்சீவலையும் நிறுத்திவிட்டேன். மூத்திர வாடை நம் மூக்கில் ஏறுகிறது என்றால், தரைக்கு இரண்டு அங்குலம் மேலே மூக்கை வைத்து வாழும் பிராணிக்கு அந்த அமோனியா கண்ணை எரிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது மிளகின் கதை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பொரிக்கு ஆறி ஒரு வருடம் கழித்து, மிளகின் வலது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. சிவப்பு இல்லை, மூடவில்லை, வெண்மை இல்லை. இந்த முறை உடனே போனேன். சாயச் சோதனையில் ஒன்றும் இல்லை. மருத்துவர் எடை கேட்டார். எங்கள் வீட்டில் சமையலறைத் தராசில் ஞாயிறுதோறும் நிறுத்து நாட்காட்டியில் எழுதும் வழக்கம் அதற்குள் வந்திருந்தது. 1,040 கிராம், 1,010 கிராம், 965 கிராம். இரண்டே வாரத்தில் 75 கிராம் இறங்கியிருந்தது. நான்தான் கைப்பட எழுதியிருந்தேன். எழுதிய எண்களைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

"கண்ணில் கோளாறு இல்லை, பல்லில் இருக்கிறது" என்றார் மருத்துவர். கினிப்பன்றிக்கு இருபது பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாவிட்டால் வாய்க்குள்ளும் நீண்டு வளரும், வேர்ப்பக்கம் கண் குழியை நோக்கியும் ஏறும். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கண்ணீர் நாளத்தை அழுத்தினால், மூக்குக்கு இறங்க வேண்டிய நீர் வெளியே வழியும். வேரில் சீழ் கட்டினால் கண் விழியையே முன்னால் தள்ளும். அதனால் ஒரு கண் மட்டும் பிதுங்கித் தெரிந்தால், அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். நேராகப் பார்த்தால் தெரியாது. தலைக்கு மேலிருந்து இரு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

மண்டை எக்ஸ்ரே அவர் சொன்னதையே காட்டியது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீர்படுத்தினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. மிளகு புல்லைவிட உருண்டைத் தீனியை விரும்பும், நானும் அது ஆசையாகத் தின்கிறதே என்று கிண்ணம் நிறையக் கொட்டியிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், மீதி வயிறு புல்லால் நிறைய வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அதன்பிறகு மிளகு பதினான்கு மாதம் இருந்தது. கடைசி வாரம்வரை கொத்தமல்லிக்குக் குரல் கொடுத்தது.

தனியாகிவிட்ட பொரிக்குத் துணையாக வந்தது சுண்டல். ஆறு வாரக் குட்டி. யாரோ வளர்க்க முடியாமல் விட்டுவிட்டதை மகளின் தோழி வீட்டிலிருந்து எடுத்து வந்தோம். இரண்டு கண்ணும் சிவந்து, மஞ்சள் பீளை இமையை ஒட்டிவிட்டிருந்தது. மாமி பார்த்தவுடன், "மெட்ராஸ் ஐ போலிருக்கிறதே" என்றார். காரைக்குடியில் நாங்கள் பள்ளிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போன அதே நோயின் பெயர் இந்தக் கண்டத்தில் மாமியின் வாயில் கேட்டது எனக்கு வியப்பு. ஆனால் அது வேறு, இது வேறு. ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் காயம், துணுக்கு, பல். இரண்டு கண்ணும் ஒன்றாக என்றால் தொற்று, சத்துக் குறைவு, அல்லது கூண்டின் காற்று. எல்லாச் சமயமும் பொருந்தாது, ஆனாலும் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது இந்த ஒரு விவரமே அவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடுகிறது.

குட்டிகளில் இப்படி இரு கண்ணும் ஒட்டுவதற்குக் கிளமிடியா கேவியே என்ற கிருமி பரவலான காரணம். சளியும் தும்மலும் சேர்ந்திருந்தால் போர்டெடெல்லா என்ற கிருமியைச் சந்தேகிப்பார்கள். அது நுரையீரலுக்கு இறங்கினால் குட்டி பிழைப்பது கடினம். சுண்டலைப் பொரியிடம் விடாமல் மூன்று வாரம் பின் அறையில் வைத்தோம். முதலில் பொரிக்குத் தீனி, கடைசியில் சுண்டலுக்கு. பிறகு சோப்பால் கை கழுவல். நெதர்லாந்தில் கினிப்பன்றியோடு பழகிய சிலருக்குக் கிளமிடியா கேவியே கிருமியால் கடுமையான நிமோனியா வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மாமிக்கு ஆஸ்துமா. அதனால் அவரைப் பின் அறைக்குள் விடவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குட்டி சாப்பிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சுண்டலின் முடி சொரசொரப்பாகவும், பின்கால் மூட்டு தொட்டால் வலிப்பதாகவும் இருந்தது. வைட்டமின் சி குறைவு. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தானே தயாரிக்காது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் கண்ணில் பீளை கட்டும், மூட்டு வீங்கும், புண் ஆறாது. தண்ணீரில் கரைத்து வைப்பது வீண். சில மணி நேரத்தில் சத்து குறையத் தொடங்கிவிடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். சிவப்புக் குடைமிளகாயில் ஒரு விரல் அகலக் கீற்று தினமும் கொடுக்கிறேன். சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் கொத்தமல்லி மலிவு. கொய்யாக் காலத்தில் கொல்லை மரத்துப் பழத்தில் ஒரு சிறு துண்டு. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு, சர்க்கரையும் உண்டு என்பதால் துண்டுக்கு மேல் இல்லை.

பயப்பட வேண்டாதவையும் இருக்கின்றன. எங்களுக்கு முதல் மாதமே ஒரு கலக்கம் வந்தது. பொரியின் இரண்டு கண்ணிலும் திடீரென்று பால்போல் வெள்ளைத் திரவம் சுரந்து விழியையே மறைத்தது. நாங்கள் கூச்சலிடுவதற்குள், அது முன்னங்கால்களால் அதை வழித்து முகம் முழுவதும் தேய்த்துக் கழுவிக்கொண்டது. பத்து விநாடியில் கண் பளிச்சென்று இருந்தது. அது அதன் முகம் கழுவும் தைலம். நாள் முழுக்க நிற்காமல் வடிந்தால்தான் நோய். கீழ் இமைக்குள் இளஞ்சிவப்பாகப் பட்டாணி போல் ஒரு சதை தெரிந்தால், அதுவும் பெரும்பாலும் வலி தராத கொழுப்பு மடிப்பு. உறுத்துகிறதா என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். கண்ணுக்குள்ளே ஆழத்தில் வெண்மை தெரிந்தால் கண்புரை. வயதால் வரும், பரம்பரையால் வரும், நீரிழிவாலும் வரும். கருவிழிப் புண்ணின் வெண்மை மேற்பரப்பில் இருக்கும்; பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

கண் பார்வை போய்விட்டால் கருணைக்கொலைதான் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி இல்லாத குருட்டுக் கினிப்பன்றி நன்றாக வாழும். அதற்கு உலகம் மூக்கிலும் மீசை மயிரிலும் காதிலும்தான் அதிகம் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியையும் பெட்டியையும் இடம் மாற்றாமல், தூக்குவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்தால் போதும். ஆனால் பிறக்கும்போதே குருடாகப் பிறக்கும்படி செய்வது வேறு விஷயம். வெள்ளை முடியும் நிற முடியும் கலந்த ரோன் வகை இரண்டைச் சேர்த்தால், கண் சிறுத்து, பல் கோணி, வெள்ளையாகக் குட்டிகள் பிறக்கக்கூடும். அழகான நிறத்துக்காக வீட்டுக் கொல்லையில் அப்படி இணை சேர்த்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

மருத்துவர் எனக்குச் சொன்ன எல்லையை அப்படியே தருகிறேன். கண் மூடியிருந்தால், வெண்மை படர்ந்தால், பிதுங்கினால், இரத்தம் தெரிந்தால், கண் கோளாறோடு சாப்பாடும் குறைந்தால், அன்றே போக வேண்டும். வார இறுதி என்று திங்கள்வரை காத்திருக்கக் கூடாது. சற்றே நீர், மற்றபடி ஓட்டமும் சாப்பாடும் சரி என்றால், துடைத்துவிட்டு ஒரு நாள் கவனிக்கலாம். கவனிப்பது என்றால் கைப்பேசியில் காலையும் மாலையும் படம் எடுப்பது. அதே இடம், அதே வெளிச்சம். நம் நினைவு நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும், படம் அப்படிச் சொல்லாது.

மாமாவின் மருந்து அலமாரியைக் காலிசெய்து, பழைய புட்டிகளை எல்லாம் மருந்துக் கடையில் அழிப்பதற்காகக் கொடுத்துவிட்டோம். கூண்டின் மேல் இப்போது ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் காஸ் துணி, உப்பு நீர்க் குப்பி, சிரிஞ்சு, துண்டு, மருத்துவரின் எண் எழுதிய அட்டை, ஒரு சிறு கைவிளக்கு. மின்வெட்டுக்காக வாங்கிய விளக்குதான்.

அந்த விளக்கை இப்போது அதிகம் எடுப்பவர் மாமி. காலையில் குளித்து, விளக்கேற்றி, நந்தியாவட்டைப் பூவைச் சாமிக்கு வைத்துவிட்டு, கொத்தமல்லித் தண்டோடு கூண்டருகே முக்காலி போட்டு உட்காருவார். தண்டின் ஒரு நுனியைத் தன் விரலில் பிடித்துக்கொண்டு, மறுநுனியைப் பொரி இழுக்கும்போது முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவார். "காட்டு ராசா, இந்தப் பக்கம் காட்டு." அந்த அரிசி நொய்த் தழும்பைப் பார்ப்பார், பிறகு வலது கண். "நீ வா சுண்டல்." இரண்டும் தின்று முடித்தபின்தான் அவருக்குக் காப்பி.